நாங்கள் வேலைக்கு வராத நாள்

வேலைக்கு வந்ததைப் பதிகிற அந்த மெசினுக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. காலையில் ஒருமாதிரி ஏற்றுக்கொள்ளும். பின்னேரம், நாள் முழுக்க நண்டோடும் ஐசோடும் மல்லுக்கட்டிவிட்டு வந்து பெருவிரலை வைத்தால் "பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சொல்லும். ஒரு பெண்ணின் குரல். நல்ல பதவிசான குரல். திரும்ப வைத்தால் திரும்பவும் அதையே சொல்லும். அதற்குக் கோபம் வராது. எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும். எப்போதாவது விரல் பிடிபட்டுவிட்டால் "தாங்க் யூ" என்று சொல்லும். அந்தக் கொம்பனியில் எங்களுக்கு நன்றி சொன்னது அது ஒன்றுதான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலையிலும் விரல் வைக்கவேண்டும், பின்னேரமும் வைக்கவேண்டும். இரண்டில் ஒன்று விழாவிட்டால் அந்த நாள் நாளில்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. முன்பெல்லாம் மேற்பார்வை பார்க்கிற அக்கா பெயரைக் கையால் எழுதிவிடுவா. புதிதாக வந்த மனேஜர் அதை நிற்பாட்டிவிட்டார். கையால் எழுதினால் களவு நடக்குமாம். களவெடுக்கிறதென்றால் எங்களுக்கு அங்கே வேறென்ன இருந்தது, நண்டுக்கோதா?

கொம்பனி சீனன்குடாப் பக்கம், குடாவை ஒட்டினாற்போல் இருந்தது. பெயரைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நண்டுக் கொம்பனி என்றால் வான்காரர்களுக்குத் தெரியும். அவித்த நண்டைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். நாங்கள் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுப்போம். அது ரின்னில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போகும். எந்த நாடு என்று அவர்கள் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

உள்ளூர்ச் சனம் அந்த வேலைக்கு வந்தாலும் நெடுநாள் நிற்காது. வீடு பக்கத்தில் இருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நாங்கள் வானில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். நான் வன்னி. இன்னும் சிலர் மட்டக்களப்புப் பக்கம். பாதிக்குமேல் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள். எங்களைப் பிடித்துக்கொடுத்தவர் ஓர் ஏஜென்சிக்காரர். நாங்கள் தங்கியிருந்த போடிங் அவருடையது, வான் அவருடையது, சம்பளம் வருவதும் அவருடைய கையால்தான். ஏதாவது குறை சொல்லிக் கொம்பனியிடம் போனால், நீங்கள் ஏஜென்சி ஆட்கள் என்பார்கள். ஏஜென்சிக்காரரிடம் போனால், வேலை கொம்பனியில்தானே என்பார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் உலை கொதிக்கவேண்டும் என்று வந்தோம். கடல் பார்க்கவா வந்தோம்?

வெளியே திருகோணமலை வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே கதவைத் திறந்தால் பல்லுக் கிட்டும். சதை பழுதாகக்கூடாது என்பதற்காக அறை முழுக்கக் குளிர். நண்டுத் தட்டுக்குக் கீழே ஐஸ், மேலே ஐஸ், பக்கத்தில் கை நனைக்கக் குளோரின் தண்ணீர். மெல்லிய கையுறை தருவார்கள். முதல் நண்டின் முள்ளிலேயே அது கிழிந்துவிடும். இன்னொன்று கேட்டால், பிள்ளையள் நிதானமாச் செய்யுங்கோ என்பார்கள். நிதானமாகச் செய்தால், கெதியாச் செய்யுங்கோ என்பார்கள். பழுதாகாமல் இருக்கவேண்டிய சதை நண்டினுடையது மட்டும்தான் என்று நான் ஒருநாள் சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் முகமூடிக்குள்ளே சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

விறைப்பு முதலில் விரல் நுனியில் வரும். வேலை முடிந்து வெயிலில் நின்றால் எறும்பு ஊர்ந்த மாதிரிக் குறுகுறுத்துத் திரும்பி வந்துவிடும். பிறகு அது வரப் பிந்தும். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கும் வராது. சோற்றைப் பிசைந்தால் பிசைகிறேன் என்று கண்தான் சொல்லும். சட்டை ஊக்கைப் போடப் பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிடவேண்டும். போன் கண்ணாடியைத் தட்டினால் போனும் என்னை மதிக்காது. இதெல்லாம் எல்லோருக்கும் இருந்ததால் யாரும் இதை நோய், வருத்தம் என்று நினைக்கவில்லை. "விறைச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவோம். போகப்போக மனமும் அப்படித்தான் ஆனது என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து நல்ல செய்தி வந்தாலும் சரி, கெட்ட செய்தி வந்தாலும் சரி, ஓம், ஓம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு மலைநாட்டுப் பிள்ளைக்கு. என்னைவிட நன்றாக இளையவள். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். தோட்டத்து லயத்து வீட்டில் தாயோடு தன் சின்ன மகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். புருஷன்காரன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். அவள் அதைப் பற்றிக் கதைக்கமாட்டாள். மகளைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டாள். அவளுக்குத் தலைமயிர் இடுப்புவரை. அதில் தேங்காயெண்ணெயை ஊற்றி ஊற்றி வைத்திருப்பாள். எண்ணெய் பட்ட விரலை மெசின் கொஞ்சம் மதிக்கும் என்பதை எங்களில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் பின்னேரம் தொப்பியைக் கழற்றியதும் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று அவளுடைய தலையில் பெருவிரலைத் தேய்ப்போம். "யக்கா, எண்ண வாங்கிக் குடுக்கிறது யாரு? காசு வைங்க, காசு வைங்க" என்று குனிந்தபடியே கத்துவாள். கோவிலில் உண்டியல் வைத்தமாதிரி உன்ர தலைக்கும் ஒன்று வைக்கவேண்டும் என்று நான் பகிடி பண்ணுவேன்.

நான் வந்த புதிதில் எனக்கு ஒருமுறை நல்ல காய்ச்சல். வாய் திறந்து சொல்லவில்லை. அவள் கடந்து போனவள் திரும்பி வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்தாள்.

"அடி ஆத்தி, நெருப்பாக் கொதிக்குதே! சொல்ல மாட்டீங்களாக்கா?"

"உனக்கென்னண்டு தெரியும்?"

"எம் புள்ளைக்குக் காச்ச வந்தா, கைய வச்சதுமே எவ்வளவு காச்சன்னு சொல்லிருவேன். எங்கம்மாவுக்குக்கூட அது வராது."

அன்றிரவு அவள் இரண்டு மூன்று தரம் எழும்பி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்போது அவளுடைய கைக்கு எல்லாம் தெரிந்தது.

எண்ணெயும் சரிவராத நாளில் எங்களுக்கு ஒரே வழி சுடுதண்ணீர். விறைத்துச் சுருங்கிய விரலைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்தால் தோல் நிமிரும், மெசின் பிடிக்கும். இதற்கு எங்களுக்கு ஒரு முஸ்லிம் அக்கா இருந்தா, ராத்தா என்று கூப்பிடுவோம். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவ. தேத்தண்ணீர் போடுவதுதான் அவவின் வேலை. பின்னேரத்தில் பெரிய கேத்தலிலிருந்து ஒரு பேசினில் தண்ணீர் கலந்து மெசினுக்குப் பக்கத்தில் வைப்பா. யாரும் கை வைக்க விடமாட்டா. முழங்கையை மடக்கித் தன்னுடைய முழங்கை முட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பா.

"பொறுங்க புள்ள, பொறுங்க. ஒங்கட கைய நம்பி நான் வெக்க விடமாட்டன். அது ஐசுக் கை."

பிறகு சரி என்று தலையாட்டுவா. நாங்கள் வரிசையாக விரலைத் தோய்த்துவிட்டுப் போவோம். அந்த நேரத்தில் இரண்டு வார்த்தை ஏச்சும் கிடைக்கும். ஒழுங்காய்ச் சாப்பிடுகிறீர்களா, இப்படிக் காய்ந்து கிடக்கிறீர்களே என்று ஏசுவா. வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்தால் சேலைத் தலைப்புக்குள் மறைத்து எங்களுக்குத் தருவா.

அவவை நிற்பாட்டிவிட்டார்கள். தேத்தண்ணீருக்கு ஓர் ஆள் எதற்கு என்று மனேஜருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு தண்ணீர் மெசின் வந்தது. மேலே பெரிய போத்தல் கவிழ்ந்திருக்கும். நீலக் குழாயில் பச்சைத்தண்ணீர், சிவப்புக் குழாயில் சுடுதண்ணீர். தேயிலைப் பொட்டலத்தைக் கோப்பையில் போட்டு நீங்களே கலக்கிக் குடியுங்கோ, வசதிதானே என்றார்கள். வசதிதான். ராத்தா போனதற்கு நான் அழவில்லை. யாரும் அழவில்லை. அவ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "கவனம் புள்ளயள்" என்று சொன்னா. நாங்கள் ஓம் ராத்தா என்றோம்.

அதற்குப் பிறகு விரலைச் சூடாக்க நாங்களே ஒரு வழி வைத்துக்கொண்டோம். சில்வர் கோப்பையில் சிவப்புக் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடிப்பது, நீலத்தில் கொஞ்சம் கலப்பது, விரலை உள்ளே விட்டு, குத்துகிறமாதிரி ஒரு சூடு வரும்வரை வைத்திருப்பது. குத்தினால் எடுத்துவிடவேண்டும். அதுதான் கணக்கு. கையிடம் கேட்டுச் செய்கிற வேலை. கைதான் செத்துக்கொண்டு வருகிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அன்று நண்டு அளவுக்கு மிஞ்சி வந்திருந்தது. முடிக்காமல் போக ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். முடித்து வெளியே வந்தபோது வான்காரர் ஹோனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒருமாதிரி விரலை வைத்துவிட்டு ஓடி ஏறிவிட்டார்கள். கடைசியில் நின்றது அவளும் நானும். அவளுடைய விரலை மெசின் எடுக்கவில்லை. தலையில் தேய்த்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. கோப்பையைத் தூக்கிச் சிவப்புக் குழாயில் பிடித்தாள். நீலக் குழாயைத் திறக்கவில்லை. பெருவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்து உள்ளே விட்டாள்.

நான் கதிரையில் இருந்து பூட்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"சுடுதோடி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இன்னும் ஏறல."

மற்றப் பூட்சையும் கழற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் அப்படியே நின்றாள். கோப்பையிலிருந்து ஆவி போனது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆவியைக் கண்டால் எடுக்கவேண்டியதுதானே, இது என்ன விசர் வேலை என்று பிறகு பலபேர் கேட்டார்கள். சுட்டால் கை சொல்லும் என்று பிறந்த நாளிலிருந்து பழகியிருக்கிறோம். கை சொல்லாமல் விடும் என்று யார் நினைப்பது?

"இன்னுமோ?" என்று கோப்பையை வாங்கப் போனேன். என் மணிக்கட்டு கோப்பையில் பட்டது. சுரீர் என்றது.

நான் போட்ட சத்தத்தில் கோப்பை விழுந்தது. அவளுடைய விரல்கள் வெளுத்திருந்தன, பார்த்துக்கொண்டிருக்கவே சிவந்தன. அவள் அதைப் பார்த்தாள். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு என்ன செய்தாள் தெரியுமா? திரும்பிப் போய் அந்தப் பெருவிரலை மெசினில் வைத்தாள். பிளீஸ் ட்ரை அகெய்ன் என்றது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மூன்றாம் முறை எடுக்கும்போது தோல் உரிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"விடடி, விசரே! கையை எடு!" என்று இழுத்தேன்.

"நாள் போயிருமேக்கா," என்றாள்.

இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் செக்யூரிட்டிப் பெடியன், "அக்கா, நீங்கள் பிங்கர் வைக்கேல்லை!" என்று பின்னால் கத்தினான். "உன்ர பிங்கரைக் கொண்டுபோய் உலையில வை!" என்றேன். அன்று எனக்குக் கோபம் வந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு அப்படி வரவில்லை.

வான்காரர் மற்றவர்களை முதலில் போடிங்கில் இறக்கிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். நான் வானுக்கு முன்னால் போய் நின்றேன்.

"முதல் ஆஸ்பத்திரி. இல்லாட்டி எனக்கு மேலால ஏத்திக்கொண்டு போம்."

முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவரிடம், போடிங்கில் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றும்போது பட்டது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "அக்கா, சும்மா இருங்கோ. விசாரணை அது இது எண்டு வந்தா உங்களுக்கும்தான் கரைச்சல்" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், குளோரின், மெசின், சிவப்புக் குழாய், எல்லாம்.

டொக்டர் ஓர் இளம் பெண். நல்ல மனுசி. புண்ணைக் கழுவி மருந்து போட்ட பிறகு, சுடாத மற்றக் கையை மேசையில் வைக்கச் சொன்னா. கண்ணை மூடச் சொன்னா. ஒரு ஊசியின் முனையால் ஒவ்வொரு விரலாய்க் குத்திக்கொண்டு வந்தா.

"நான் தொடேக்க சொல்லுங்கோ," என்றா.

தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். டொக்டர் ஐந்து விரலையும் முடித்துவிட்டா.

"இன்னும் தொடலீங்களே டொக்டர்," என்றாள்.

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் சுவரைப் பார்த்தேன்.

"சுட்டதால இது வரேல்லை," என்று டொக்டர் மெதுவாகச் சொன்னா. "இதாலதான் சுட்டது. நரம்பு பழுதாகியிருக்குது."

"திரும்ப வந்துருமா டொக்டர்? எனக்குச் சின்னப் புள்ள இருக்கு."

ஐசிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் வர இடமிருக்கிறது என்றா. கண்டிக்குப் போய் நரம்பைச் சோதிக்கவேண்டும், விடாமல் கிளினிக்குக்குப் போகவேண்டும். பழையபடி ஐசில் வைத்தால் வரவே வராது. வேலையில் நடந்தது என்று கொம்பனி ஏற்றுக்கொண்டால் வைத்தியத்தை அவர்கள்தான் பார்க்கவேண்டும், கை ஆறும்வரை வேலையையும் வைத்திருக்கவேண்டும், அதைப் போய்க் கேளுங்கள் என்றா. ஆக, எல்லாம் அந்த ஒன்றில் வந்து நின்றது. அன்று நடந்தது வேலையில் நடந்தது என்று ஒருவர் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளவேண்டும். அதுவும் பெரிய கஷ்டமாக எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தது என்று சொல்ல என்ன கஷ்டம்?

புண் கொஞ்சம் காய்ந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஓபீசுக்குப் போனேன். ஓபீசில் ஒரு தம்பி, டவுன் பெடியன், மரியாதையான பிள்ளை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவளுடைய கட்டைப் பார்த்து அடடா என்றார். நான் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரும்பவும் தட்டினார்.

"அக்கா, இந்த நாளில இவ வேலைக்கு வரேல்லையே," என்றார்.

"என்ன விசர்க் கதை? பக்கத்தில நான் இருந்து நண்டு உடைச்சனான்."

"காலமை பிங்கர் இருக்குது. பின்னேரம் இல்லை. ஒண்டு மட்டும் இருந்தா சிஸ்டம் எடுக்காது. ஆப்சென்ட் எண்டுதான் காட்டும். வேலைக்கு வராத நாளில வேலையில காயம் எண்டு நான் எப்பிடி அக்கா போடுறது?"

"தம்பி, பின்னேரம் பிங்கர் வைக்கப்போய்த்தானே கை அவிஞ்சது!"

"எனக்கு விளங்குது அக்கா. சிஸ்டத்துக்கு விளங்காது."

"நான் பாத்தனான். நான் சாட்சி. எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்."

அவர் என்னுடைய இலக்கத்தைக் கேட்டார். சொன்னேன். தட்டினார். இலக்கத்தைச் சரிபார்த்துத் திரும்பவும் தட்டினார். அவருக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா," என்றார், "அண்டைக்கு நீங்களும் வரேல்லை."

நான் சிரித்தேன். சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் இருவரும் அன்று வேலைக்கு வரவில்லை. வராத நாங்கள் இருவரும் பிரித்த நண்டு அதற்குள் கப்பல் ஏறியிருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரி அதை மேசையில் வைத்துத் தின்றுகொண்டிருப்பாள். செக்யூரிட்டிப் பெடியன் கண்டவன்தானே என்று கேட்டேன். அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மற்றப் பிள்ளைகள்? அவர்கள் வானுக்குள் இருந்தார்கள், ஒன்றும் காணவில்லை. காணாததைக் கண்டோம் என்று சொல்லச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. ஏஜென்சிக்காரரிடம் போனோம். வேலைக்கு வராத நாளில் போடிங்கில் இருந்து கையைச் சுட்டுக்கொண்டதற்கு நான் என்ன செய்ய என்றார். போடிங்கில் பட்டது என்று அவருடைய வான்காரர் முதலே ஆஸ்பத்திரித் துண்டில் எழுதுவித்து வைத்திருந்தார் அல்லவா. அரசாங்கத்தின் தொழில் கந்தோரில் முறைப்பாடு கொடுத்தோம். விசாரிப்போம் என்றார்கள். அங்கும் கதிரையில் இருத்தித்தான் கதைத்தார்கள். அவளுக்கு ஒற்றைக் கையால் வேலை செய்ய ஏலாது. வேலை செய்யாதவளுக்குப் போடிங்கில் கட்டில் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்டி பஸ் நின்றது. டவுனுக்குள் திரிகிற மான்களில் இரண்டு, வழக்கம்போல, சாப்பாட்டுக் கடதாசியை மென்றுகொண்டு சனத்துக்குள் நின்றன. வந்த புதிதில் அவள் அந்த மான்களைப் போனில் படமெடுத்து மகளுக்கு அனுப்புவாள். அன்று பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு தலை வாரமுடியாமல் மயிர் பறந்துகொண்டிருந்தது. பஸ் வெளிக்கிட நேரம் இருந்ததால் நான் வாரி, பின்னி, றப்பர் போட்டுவிட்டேன். என் விரலுக்கு மயிர் இருப்பது தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பின்னினேன், கோணலாக வந்தது.

"அழகா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"கோணல்," என்றேன்.

சிரித்தாள். பஸ் போனது. நான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? எண்ணெய்த் தலை இல்லாமல் பிள்ளைகள் பின்னேரத்தில் வெறும் விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நாளில் கொம்பனி மெசினை மாற்றியது. விரலுக்குப் பதிலாக முகம். முன்னால் போய் முகமூடியை இறக்கிவிட்டு நின்றால் போதும், உடனே பிடித்துவிடும். தாங்க் யூ. தாங்க் யூ. தாங்க் யூ. வரிசை வேகமாகப் போகும். இதை முன்னமே வாங்கியிருக்கலாமே என்று ஒரு பிள்ளை சொன்னாள். ஓம் என்றேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

தங்கச்சி இடைக்கிடை போன் எடுப்பாள். புண் ஆறிவிட்டது. கண்டிக்கு ஒருதரம் போனாள், திரும்பவும் வரச் சொன்னார்கள், பஸ்ஸுக்கு வழியில்லாமல் விட்டுவிட்டாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள். எதைக் கிள்ளுகிறேன் என்று விரலுக்குத் தெரியாமல் முற்றின இலையையும் சேர்த்துப் பிடுங்கினாள். கங்காணி வேண்டாம் என்றுவிட்டாராம். முறைப்பாட்டுக்குப் பதில் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். சரிக்கா என்பாள்.

போன கிழமை காலையில், வானுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தாள்.

"புள்ள ஆஸ்பத்திரியிலக்கா. ராவெல்லாம் காச்சலாம்."

"காய்ச்சலாம் எண்டா? நீ பக்கத்தில இல்லையோ?"

"பக்கத்துலதான் படுத்திருந்தேன். ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு நெத்தியில கைய வச்சுப் பாத்தேன்க்கா. சும்மா சில்லுன்னு இருக்குறமாதிரிதான் இருந்துச்சு. நல்லாத் தூங்குதுன்னு நெனச்சேன். காலையில எங்கம்மா தொட்டுட்டுக் கத்துது, நெருப்பாக் கொதிக்குது, நீ என்னடி தாயின்னு."

அவள் அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சேலைன் ஏற்றுகிறார்கள், கண் திறந்துவிட்டாள் என்றாள். எனக்குச் சொல்லத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"இனிக் கையை வைச்சுப் பாக்காதை தங்கச்சி. குனிஞ்சு கன்னத்தை வை. கன்னத்துக்குத் தெரியும்."

மூக்கை உறிஞ்சினாள். "ஆமாவாக்கா? டொக்டரு சொன்னாங்களா?"

"இல்லை," என்றேன். "நானும் இப்ப அப்பிடித்தான் பாக்கிறனான்."

வெளியே வான் ஹோன் அடித்தது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.